ஒரு கட்டைக்கு ரெண்டு வண்டி

1

இங்கே பனி எப்படிக் கொட்டுகிறது, குளிரில் மூக்கு எப்படி மரத்துப் போகிறது, இட்லி மாவு ஏன் பொங்க மாட்டேன் என்கிறது என்றெல்லாம் எழுதச் சொல்லி நம் திருச்சபைப் பத்திரிகையிலிருந்து கேட்டிருந்தார்கள். கேட்டவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. கனடாவில் இருக்கிறவன் பனியைப் பற்றித்தான் எழுதுவான் என்று நினைப்பது நியாயம்தானே. ஆனால் நான் இந்தத் தடவை இரண்டு லாரிகளுக்கு நடுவில் விட வேண்டிய இடத்தைப் பற்றி எழுதப் போகிறேன். பிடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம். நகரி, புத்தூர்ப் பக்கத்து ஆட்கள் மட்டும் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரே வாரத்தில் என் வீட்டுக்கு இரண்டு காகிதங்கள் வந்தன. ஒன்று நான் வேலை செய்கிற கம்பெனியிடமிருந்து. ஹாமில்டனில் இரும்பு உருக்காலைகள் நிறைய. அங்கிருந்து இரும்புத் தகட்டுச் சுருள்களை ஏற்றிக்கொண்டு போய் ஊர் ஊராக இறக்குவது என் வேலை. ஒவ்வொரு சுருளும் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற ஒரு கவலை மாட்டைவிடப் பல மடங்கு கனம். முன்னால் போகிற வண்டிகளின் முதுகில் ஒட்டிக்கொண்டு நான் ஓட்டுகிறேன் என்று மூன்று பேர் புகார் சொல்லிவிட்டார்கள். ஆகவே அடுத்த வெள்ளிக்கிழமை பரிசோதகர் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து வருவார் என்று எழுதியிருந்தார்கள். அவருக்குத் திருப்தி இல்லையென்றால் வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு நான் கிடங்குக்குள் போக வேண்டியதுதான். நாற்பத்து மூன்று வயதில் கிடங்கைப் பெருக்கவா கடல் தாண்டி வந்தேன்?

கடிதத்தோடு ஒரு படிவமும் இருந்தது. அதில் ஒன்பதாவது கேள்வி இது: எந்த நாட்டிலாவது, எப்போதாவது, முன்னால் போன வண்டியின் மேல் உங்கள் வண்டி மோதியதுண்டா? உண்டென்றால் யார் தவறு?

இன்னொரு காகிதம் புத்தூரிலிருந்து வந்த நீலநிற விமானத் தபால். ஊரில் என்னோடு லாரி ஓட்டிய முனிரத்தினத்தின் மகள் எழுதியிருந்தாள். "நைனா போன மாசம் தவறிட்டாரு. கடைசிவரைக்கும் உங்களப் பத்திதான் பேசிக்கினு இருந்தாரு மாமா."

அந்த ஒன்பதாவது கேள்விக்கு உண்மையான பதில் தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்று பேர். நான், முனிரத்தினம், சுப்பராயுடு. அவர்களில் ஒருவன் போய்விட்டான். அவன் இருந்தவரை, நான் வாயைத் திறந்தால் அவனைக் காட்டிக்கொடுத்ததாகும் என்று எனக்கு ஒரு சாக்கு இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

2

மதராஸ் ராஜ்யத்திலிருந்து பிரிந்து ஆந்திரா தனி மாநிலம் ஆன புதிதில் எனக்குப் பதினெட்டு வயது. அடுத்த இரண்டு வருடத்தில் லாரி லைசென்ஸ் எடுத்தேன். புத்தூரில் ஒரே முதலாளியிடம் நானும் முனிரத்தினமும் ஆளுக்கொரு வண்டி ஓட்டினோம். சித்தூர் மண்டியில் வெல்லம் ஏற்றி, புத்தூர், நகரி, திருத்தணி வழியாக மதராஸ். திருத்தணி அப்போது நம் சித்தூர் ஜில்லாதான். அதைத் தாண்டி அரக்கோணம் போகிற வழியில்தான் புது எல்லை, புதுக் கட்டை.

கட்டை என்றால் சாலைக்குக் குறுக்கே ஒரு நீள மரம். ஒரு முனையில் கல் கட்டித் தொங்கும், மறுமுனையில் கயிறு. காவல்காரர் கயிற்றை விட்டால் மரம் மேலே போகும், இழுத்துப் பிடித்தால் கீழே வரும். அதற்கு முன்னால் ஒவ்வொரு வண்டியும் நிற்க வேண்டும். அரிசி கடத்துகிறோமா என்று பார்ப்பார்கள். நம்பர், சரக்கு, டிரைவர் பெயர் எல்லாம் நோட்டில் எழுதுவார்கள். நேற்றுவரை ஒரே ஊராக இருந்த இடத்துக்குப் போக ஒரு சீட்டு, வர ஒரு சீட்டு. வெயிலில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் நின்றால் வெல்லம் இளகி சாக்கு நனைந்துவிடும். மதராஸ் மண்டிக்காரன் முகத்தைச் சுளிப்பான்.

இதற்கு நம் டிரைவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஜோடி என்று அதற்குப் பெயர். ஒரே முதலாளியின் இரண்டு வண்டிகள் ஒன்றாகப் போகும். முன்வண்டி நின்று எல்லாம் எழுதிக்கொள்ளும். கட்டை மேலே போனதும் பின்வண்டி அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அதே மூச்சில் கடந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் கட்டையை இறக்க இடம் இருக்கக் கூடாது. முன்வண்டியின் பின்பலகையில் எழுதியிருப்பதைப் படிக்கிற தூரத்தில் இருப்பவன் கற்றுக்குட்டி. பலகையில் அடித்திருக்கிற ஆணிகளை எண்ணுகிற தூரத்தில் இருப்பவன்தான் டிரைவர். நான் ஆணியை எண்ணுகிறவன். முனிரத்தினம் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வான். "எங்க தேவராஜி பின்னால வந்தா நடுவுல ஒரு ஈ பூர முடியாது."

கட்டையில் சுப்பராயுடு என்று ஒரு காவல்காரர் இருந்தார். நாற்பது வயதுக்கு மேலே, மெலிந்த ஆள். தெலுங்குதான் பேசுவார், தமிழ் புரியும். திருப்பதிக்கு வேண்டிக்கொண்டு எப்போது பார்த்தாலும் பாதி வளர்ந்த மொட்டைத் தலையோடு இருப்பார். எங்கள் ஜோடியைப் பார்த்தால் பார்க்காதவர் போல நோட்டுக்குள் தலையைக் குனிந்துகொள்வார். அதற்காக அவர் எங்களிடம் எதுவும் கேட்டதில்லை. நின்றால் வெல்லம் இளகும் என்பது அவருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

கட்டைக்கு மட்டும் ஒட்டி ஓட்டினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். கட்டைக்குப் பத்து மைலுக்கு முன்பே ஒட்ட ஆரம்பிப்போம். கட்டை தாண்டிய பிறகும் ஒட்டியே போவோம். நாளடைவில் முன்னால் ஒரு வண்டியின் முதுகு இல்லாவிட்டால் எனக்கு ரோடே காலியாக இருப்பது போல ஆகிவிட்டது. அந்தக் கால், அந்தக் கண் எல்லாவற்றையும் அப்படியே தூக்கிக்கொண்டு கனடாவுக்கு வந்திருக்கிறேன்.

3

பரிசோதனைக்கு ஏழு நாள் இருந்தது. தினமும் சாயங்காலம் என் மகள் லில்லியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எங்கள் காரில் பழகினேன்.

இங்கே சட்டம் இதுதான். முன்வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் எண்ண ஆரம்பிக்க வேண்டும். நம் வண்டி அந்தக் கம்பத்துக்கு வருவதற்குள் எத்தனை விநாடி ஆகிறதோ அதுதான் இடைவெளி. லாரியின் நீளத்தில் பத்து அடிக்கு ஒரு விநாடி. வேகம் கூடினால் அதற்கு மேல் ஒன்று. என் வண்டி அறுபது அடி, ஆக ஏழு விநாடி. மழை, பனி என்றால் அதைவிடவும் கூட. ஏழு விநாடியில் ஒரு கல்யாண ஊர்வலமே நடுவில் புகுந்துவிடலாம்!

லில்லிக்குப் பதினாறு வயது. நாலு வயதில் இங்கே கூட்டி வந்தோம். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும், அதனால் அவள் கோபப்பட்டால் எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம்தான். தமிழ் ஆராதனைக்கு வர மாட்டாள். களி கிண்டினால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். ஆனால் என்னிடம் வருகிற காகிதங்களை எல்லாம் நிரப்பிக் கொடுப்பது அவள்தான். எனக்கு இங்கிலீஷ் பேச வரும், எழுத வராது. அவள் பத்து வயதிலிருந்து என் கையாக இருக்கிறாள்.

"டாடி, த்ரீ," என்றாள் முதல் நாள். "செவன் வேணும். த்ரீதான் வந்திச்சி."

"இரு, உடறேன்."

"நீங்க உடல. ஒடனே கிட்ட போறீங்க. பாருங்க, உங்க காலு தானா போவுது."

உண்மைதான். நான் இடம் விட்டு வரும்போது எவனாவது நடுவில் புகுவான். உடனே என் கால் என்னைக் கேட்காமல் அழுத்தும். மூன்றாம் நாள் அவள் பொறுமை போய்விட்டது.

"வொய்? அந்தக் கார்ல அப்பிடி இன்னாதான் கீது? எதுக்கு அது மேல போயி உழுறீங்க?"

அவள் வாயில் 'கீது' வந்ததற்கு வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்கு வண்டியை ஓரம் கட்டினேன். கட்டையைப் பற்றிச் சொன்னேன், ஜோடியைப் பற்றிச் சொன்னேன். அவள் சிரித்தாள். பிறகு படிவத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டு நிரப்பினாள். ஒன்பதாவது கேள்வி வந்தது.

"முன்னால வண்டிய இடிச்சிருக்கீங்களா? நோ போட்டுடட்டுமா?"

"இரு. அத அப்பால பாக்கலாம்."

அவள் பேனாவை மூடினாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து அந்த ஒன்பதாவது கேள்வியைப் பற்றி ரூபியிடம் சொன்னேன். ரூபி என் மனைவி, இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு வேலை கிடைத்துத்தான் நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தோம். "அதுக்கு இன்னா எழுதப் போறீங்க?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை. மூன்று நாள் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். உண்மையை எழுதினால் சாவி போகும். இல்லை என்று எழுதினால் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆனால் அந்த 'இல்லை'யை என் மகள் கை எழுத வேண்டும்.

4

இப்போது அந்த நாளைச் சொல்லிவிடுகிறேன்.

எல்லைத் தகராறு தீர்ந்து, ஊர்களைப் பங்கு போட்டார்கள். திருத்தணியை மதராஸ் எடுத்துக்கொண்டது, சத்தியவேட்டை ஆந்திராவுக்குக் கொடுத்தது. யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று டீக்கடையில் சண்டை நடந்தது. எங்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. திருத்தணிக்கு அப்பால் இருந்த கட்டை பெயர்ந்து நகரிக்குக் கிட்டே வந்துவிட்டது. சுப்பராயுடுவும் கட்டையோடு வந்துவிட்டார். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் புதிதாக எல்லைக்கல் நட்டிருந்தார்கள். அதற்கப்பால் ஒரு புளியமரம்.

புதுக் கட்டை வந்து ஒரு வாரம் இருக்கும். காலை பத்து மணி, நல்ல வெயில். முனிரத்தினம் முன்னால், நான் பின்னால். அவன் நின்றான், எழுதிக்கொண்டான். கட்டை மேலே போனது. அவன் கிளம்பினான், நான் ஒட்டினேன். ஆணிகள் தெரிந்தன.

அன்றைக்குப் பக்கத்துக் குடிசையில் மேலதிகாரி ஒருவர் வந்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அது எங்களுக்குத் தெரியாது. சுப்பராயுடுவால் அன்றைக்கு நோட்டுக்குள் தலையைக் குனிய முடியவில்லை. ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டே மறு கையைத் தூக்கி, நில் என்று காட்டினார். எனக்குத்தான் காட்டினார். ஆனால் முனிரத்தினம் தனக்கென்று நினைத்து பிரேக்கை மிதித்தான்.

நானும் மிதித்தேன். மிதிக்க இடம் எங்கே இருந்தது? என் வண்டி அவன் வண்டியை முட்டித் தள்ளியது. அது எல்லைக்கல்லைத் தாண்டிப் போய்ப் புளியமரத்தில் மோதி நின்றது. அவன் சீட்டுக்குப் பின்னால் இருந்த பலகை உடைந்து வெல்ல மூட்டைகள் அவன் மேல் சரிந்தன. என் வண்டி கட்டையின் தூணை உரசியதில் கல்லைக் கட்டியிருந்த கயிறு அறுந்தது. மரம் என் வண்டிக் கூரை மேல் வந்து விழுந்தது.

கட்டை விழுந்தது உண்மை. ஆனால் இடித்த பிறகு விழுந்தது.

ஓடிப்போய் மூட்டைகளை இழுத்தேன். முனிரத்தினத்தின் வலது கால் முழங்காலுக்குக் கீழே கால் மாதிரி இல்லை. அவன் கத்தவில்லை. என் சட்டையைப் பிடித்து இழுத்து, காதுக்குள் சொன்னான்.

"டேய் தேவராஜி, ஜோடின்னு சொல்லிடாத. ரெண்டு பேருக்கும் லைசென்ஸ் பூடும். உன் வண்டி மேல கட்டைய எறக்கிட்டான், அதுல தடுமாறி இடிச்சிட்டேன்னு சொல்லு. கட்டதான் உழுந்து கெடக்குதே, எவன் கேக்கப் போறான்?"

போலீஸ் வந்தது. ஒரு போலீஸ் இல்லை, இரண்டு. அவன் வண்டி கிடந்தது மதராஸ் ராஜ்யம், என் வண்டி நின்றது ஆந்திரா. கேஸ் யாருடையது என்று இரண்டு பேரும் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று வாதாடினார்கள். ஒருவன் கால் போய்க்கொண்டிருக்கிறது, இவர்கள் அடியளந்து பார்க்கிறார்கள். யாரோ ஒரு பஸ்காரர்தான் முனிரத்தினத்தை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். கடைசியில் ஆளுக்கொரு வாக்குமூலம் எழுதிக்கொள்வது என்று முடிவானது.

ஆந்திரா போலீஸ் தெலுங்கில் கேட்டார். கட்டை தானாக விழுந்ததா, அவன் இறக்கினானா? "வாடே திஞ்சாடு சார்," என்றேன். அவன்தான் இறக்கினான். எழுதிக் காட்டினார், கையெழுத்துப் போட்டேன். நாலு அடி நடந்து எல்லைக்கல்லைத் தாண்டினேன். மதராஸ் போலீஸ் தமிழில் கேட்டார். "அவந்தான் எறக்கிட்டான் சார்," என்றேன். அதற்கும் கையெழுத்து.

சுப்பராயுடு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். தூக்கிய கையை இறக்க மறந்துவிட்டவர் போல மார்புக்கு நேராக வைத்திருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்பார்களே, அவர் கண்ணெதிரே, அவருக்குப் புரிகிற இரண்டு பாஷையிலும் அதைச் செய்தேன்.

அந்த மாதமே அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்தூரில் எங்கள் கோயில் வாசலில் வந்து நின்றார். ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே வருகிற நேரம். சண்டைக்கு வரவில்லை. இடுப்பில் குழந்தையோடு அவர் மனைவியும் வந்திருந்தார்.

"நைனா, நேனு திஞ்சலேது. நுவ்வு சூசாவு கதா?" என்றார். நான் இறக்கவில்லையே, நீ பார்த்தாய் அல்லவா?

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. அவர் என்னை நைனா என்று, பெற்ற பிள்ளையைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டார். கையில் வேதப்புத்தகத்தை வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்துவிட்டேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கேவலமாக நான் எதுவும் செய்ததில்லை.

5

வெள்ளிக்கிழமை விடிந்ததே மழையும் பனியும் கலந்து. பள்ளிக்கூடம் விடுமுறை, அதனால் படிவத்தை முடித்துக் கொடுக்க லில்லியும் கூட வந்தாள். அவளைக் கம்பெனி அலுவலகத்தில் உட்கார வைத்துவிட்டு வண்டியில் ஏறினேன். பரிசோதகர் வெள்ளைத் தாடி வைத்த பெரிய ஆள். முட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு விரல்களை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டே வந்தார், ஒன்றும் பேசவில்லை. பின்னால் இரண்டு இரும்புச் சுருள்கள். பிரேக்கைத் தப்பாக மிதித்தால் முதலில் நசுங்குவது நாங்கள் இரண்டு பேரும்தான்.

நெடுஞ்சாலையில் ஏறினேன். முன்னால் மரம் ஏற்றிய ஒரு லாரி. ஏழு விநாடி விட்டேன், மழைக்காக அதற்கு மேலும் விட்டேன். அது தூரத்தில் ஒரு பெட்டி அளவுக்குச் சுருங்கிவிட்டது. நடுவில் வெறும் ரோடு. ஒரு சிவப்புக் கார் வந்து அந்த இடத்தில் புகுந்தது. என் கால் துடித்தது. எடுத்தேன், பின்வாங்கினேன். மறுபடி இடம் உண்டானதும் இன்னொருவன் புகுந்தான். மறுபடி பின்வாங்கினேன், அவனும் விலகிப் போனான். ஊரில் இப்படி ஓட்டினால் பின்னால் வருகிறவன் இறங்கி வந்து சட்டையைப் பிடிப்பான். வியர்வையில் கை வழுக்கியது. அந்தக் குளிரிலும் வியர்வை.

பத்து மைல் போயிருப்போம். சிவப்புக் கார் திடீரென்று வழுக்கி அரைச் சுற்றுச் சுற்றி, மூக்கு எங்களைப் பார்க்க, நடுரோட்டில் நின்றது. உள்ளே ஒரு பெண் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். நான் மெதுவாக, விட்டு விட்டு பிரேக்கை அழுத்தினேன். பின்னால் சங்கிலிகள் முனகின. வண்டி தானே அடங்கி நின்றது. அவளுக்கும் எங்களுக்கும் நடுவில் இன்னும் ஒரு பஸ் நிற்கிற இடம் மிச்சம் இருந்தது.

அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஈர ரோடு, அதன் மேல் பனி விழுந்து கரைகிறது, வேறு ஒன்றும் இல்லை. முனிரத்தினத்துக்கு நான் விடாமல் போன இடம் அதுதான். அதில் பாதி விட்டிருந்தால் அவன் கால் இருந்திருக்கும், சுப்பராயுடுவுக்கு வேலை இருந்திருக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பரிசோதகர் என்ன நினைத்தாரோ, என் தோளில் இரண்டு தட்டுத் தட்டி, "குட்" என்றார்.

6

அலுவலகத்தில் அவர் எல்லாவற்றையும் டிக் அடித்துவிட்டுப் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார். ஒன்பதாவது கேள்வி காலி. அதை மட்டும் நிரப்பிவிட்டால் சாவியை எடுத்துக்கொண்டு போகலாம் என்றார்.

லில்லி பேனாவைத் திறந்தாள். "நோ தானே?"

"எஸ் போடு," என்றேன். "யார் தப்புன்னு கேட்டிருக்கான் இல்ல? என் தப்புன்னு எழுது. ரெண்டு ஸ்டேட்டு போலீஸ்லயும் பொய் சொன்னேன், அதனால ஒருத்தருக்கு வேல போச்சின்னு எழுது."

அவள் எழுதவில்லை. "டாடி, திஸ் இஸ் ட்ரூ?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். முழுக் கதையையும் தமிழில், அவளுக்குப் புரிகிற தமிழில், அந்தத் தாடிக்காரரை வைத்துக்கொண்டே சொன்னேன். அவள் தலை நிமிராமல் எழுதினாள். அந்தக் காவல்காரர் பெயர் என்ன என்று ஒரு இடத்தில் கேட்டாள். பதினெட்டு வருடத்தில் அந்தப் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. தப்பில்லாமல் எழுத வேண்டும் என்று இரண்டு முறை சொல்ல வைத்தாள்.

பரிசோதகர் படித்தார், மறுபடி படித்தார். இதை மேலே அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றார். அவருக்கே கஷ்டமாக இருந்தது. சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். ஆறு வாரமாகக் கிடங்கில் இருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. வருகிறபோது வரட்டும்.

அன்று சாயங்காலம் ரூபியிடம் சொன்னேன். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், கை நிற்கவில்லை. "எனக்கு அப்பவே தெரியும்," என்றாள். முனிரத்தினத்தின் காலை எடுத்த வார்டில் அவள் அப்போது நர்ஸ் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்க்க நான் போகப்போய்த்தான் எங்களுக்குப் பழக்கம். "மயக்க மருந்துல அந்த அண்ணன் எல்லாத்தயும் ஒளறிட்டாரு. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன்."

"தெரிஞ்சிமா என்னக் கட்டிக்கின?"

"சொல்லுவீங்கன்னு நெனச்சித்தான் கட்டிக்கினேன். பதினெட்டு வருஷம் ஆவும்னு நெனைக்கல."

லில்லி இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் கிடங்கு வேலை முடிந்து வந்து உட்கார்ந்தபோது எதிரில் வந்து நின்று, தமிழில் கேட்டாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"யாருக்கு?"

"அந்தக் கட்டக்காரருக்கு. நீங்க இத எழுதினது அவருக்குத் தெரியுமா? இல்ல, கனடாக்கு மட்டும்தான் தெரியுமா?"

சாவியைக் கொடுத்துவிட்டதாலேயே பெரிய காரியம் செய்துவிட்டவன் போல ஆறுதலாகச் சுற்றிக்கொண்டிருந்தேன். இங்கே ஒரு இரும்புக் கம்பெனியின் கோப்பில் இங்கிலீஷில் இருக்கிற உண்மையால் நகரியில் இருக்கிற மனிதருக்கு என்ன பிரயோசனம்? அவர் வேலையைப் பறித்தது தெலுங்கில் ஒரு காகிதமும் தமிழில் ஒரு காகிதமும். அவள் கேட்டதால்தான் இதை எழுதினேன்.

சுப்பராயுடு இருக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் அறுபதுக்கு மேல் ஆகியிருக்கும். நகரியிலிருந்து திருத்தணி போகிற ரோட்டில் கட்டைக்குக் கிட்டத்தில்தான் அப்போது குடியிருந்தார். இடுப்பில் இருந்த அந்தக் குழந்தை இப்போது லில்லியைவிடப் பெரியதாக இருக்கும். அவர்கள் வீட்டுக்குத் தமிழ்ப் பத்திரிகை போகாது, நம் சபைக்காரர்களும் அல்ல. ஆகவே இதைப் படிக்கிற யாராவது ஒருவர் போக வேண்டும். அவர் இல்லையென்றால் அவர் மனைவியிடம் சொல்லுங்கள். அவரும் இல்லையென்றால் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அக்கம்பக்கத்தார் இருக்கும்போது, அவர்கள் காதில் விழுகிற மாதிரி சொல்லுங்கள். அன்றைக்கு நான் பொய் சொன்னதும் நாலு பேர் நடுவில்தான்.

யார் சொன்னது என்று கேட்பார்கள். தேவராஜ் என்றால் தெரியாது, வெல்ல லாரி தேவராஜ் என்று சொல்லுங்கள். பின்வண்டிக்காரன் என்று சொல்லுங்கள். கட்டை விழுந்ததே இடித்த பிறகுதான், இடித்தது அவன்தான் என்று அவனே எழுதியிருக்கிறான் என்று சொல்லுங்கள். வேறு எதுவும் வராவிட்டாலும் இந்த இரண்டு வார்த்தையை மட்டும் தெலுங்கிலேயே சொல்லிவிடுங்கள், கோயில் வாசலில் நான் சொல்லியிருக்க வேண்டியது:

ஆயன திஞ்சலேது. அவர் இறக்கவில்லை.